கரையில்லாத ஏரி ஊரை அழிக்கும்

(நில எடுப்பு நோட்டீஸ் வந்துள்ள கிராமங்களில் நடந்த விளக்கக் கூட்டங்களில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் படிக்கவும், எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்குப் படித்துக் காட்டவும் அச்சிடப்படுகிறது.)

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே! காட்டு வேலை, வயல் வேலை செய்து பிழைக்கும் உழைப்பாளிகளே!

நம்ம ஊர்களுக்குத் தொழிற்பூங்கா வரப்போகுதாம். நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அதில் சர்வே நம்பர் இருக்கிறது, ஏர்ஸ் கணக்கு இருக்கிறது. கடன் வாங்கி வெட்டிய கிணறு இல்லை, காய்ப்புக்கு வந்த தென்னை இல்லை, மாடு கட்டின கொட்டகை இல்லை. நம் மூன்று தலைமுறை உழைப்பு அந்தத் தாளில் வெறும் எண்ணாகத்தான் நிற்கிறது.

நாங்கள் ஊர் ஊராகப் போனபோது எல்லா ஊரிலும் ஒரே பேச்சைத்தான் கேட்டோம். "சர்க்கார் நெனச்சா எடுத்துக்கும், நாம என்ன பண்ண முடியும்?" சிலர் இப்போதே புரோக்கரிடம் விலை பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் மேல் நமக்குக் கோபம் இல்லை. பயம் அப்படிப் பேச வைக்கிறது. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கூட்டம்.

நாம் இன்று கட்சி பேச வரவில்லை. எந்தக் கட்சி கோட்டையில் உட்கார்ந்தாலும் எந்தக் கட்சி டெல்லியில் உட்கார்ந்தாலும் அவர்கள் கைக்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவைப் போட்டது நம் அரசியல் சட்டம். அந்த அளவு எங்கே இருக்கிறது, எப்போது அது நம்மைக் காப்பாற்றியது, எப்போது கைவிட்டது, இப்போது நாம் அதை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று பார்ப்போம்.

ஏரியும் கலிங்கும்

ஏரி இல்லாத ஊரில் குடியிருக்க முடியாது. ஆனால் கரை இல்லாத ஏரி பக்கத்திலும் குடியிருக்க முடியாது. அதனால்தான் நம் முன்னோர்கள் கரை போட்டார்கள், மதகு வைத்தார்கள், மிஞ்சின தண்ணி வழிந்து போகக் கலிங்கு கட்டினார்கள். மழை பெய்யும்போது கரை போட முடியாது. முன்னாலேயே போட்டு வைக்க வேண்டும்.

அரசு அதிகாரமும் அப்படித்தான். அரசு வேண்டும். ரோடு போட, ரேஷன் கொடுக்க, திருடனைப் பிடிக்க அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரத்துக்குக் கரை இல்லாவிட்டால் அது முதலில் இழுத்துக்கொண்டு போவது பள்ளத்தில் இருக்கிற நம்மைத்தான். 1949 நவம்பர் 26 அன்று ஏற்றுக்கொண்டு, 1950 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் அந்தக் கரையைக் கட்டியது.

எப்படிக் கட்டியது? நம்ம ஊர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். வரி எவ்வளவு என்று முடிவு செய்வது ஊர்க்கூட்டம். வசூல் பண்ணிச் செலவு செய்வது நாட்டாண்மையும் அவர்கூட இருப்பவர்களும். முடிந்தபின் கணக்குக் கேட்பது வேறு ஆட்கள். மூன்றையும் ஒருத்தரே செய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!

அதே மாதிரி, சட்டம் போடுவது நாடாளுமன்றமும் சட்டமன்றமும். அதை நடத்துவது மந்திரிசபையும் கலெக்டரும் தாசில்தாரும். அரசு அந்தச் சட்டப்படி நடந்ததா, அந்தச் சட்டமே அரசியல் சட்டத்துக்கு ஒத்து வருதா என்று பார்ப்பது நீதிமன்றம். அரசியல் சட்டத்தின் 13-வது பிரிவு, அடிப்படை உரிமையை மீறும் சட்டம் செல்லாது என்கிறது. 32-வது பிரிவு உச்ச நீதிமன்றக் கதவையும், 226-வது பிரிவு உயர் நீதிமன்றக் கதவையும் குடிமகனுக்குத் திறந்து வைத்திருக்கிறது.

இதோடு நிற்கவில்லை. அதிகாரத்தை மத்தி, மாநிலம் என்று பிரித்தது. 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73-வது திருத்தம் கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் அரசியல் சட்டத்தில் இடம் கொடுத்தது. செலவைத் தணிக்கை செய்யத் தனி அதிகாரி. தேர்தல் நடத்தத் தனி ஆணையம். ஒரு கை தப்பு செய்தால் இன்னொரு கை பிடித்து நிறுத்த வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

கரை யார் பக்கம்?

கோர்ட்டு எப்போதும் நம்ம பக்கம், சர்க்கார் எப்போதும் எதிர்ப்பக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆரம்பத்தில் நடந்ததே வேறு.

சுதந்திரம் வந்ததும் ஜமீன் ஒழிப்புச் சட்டங்கள் வந்தன. சென்னை மாகாணத்தில் 1948-லேயே எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன் ஊர்களில் உழுதவன் நேரடியாக அரசின் பட்டாதாரராக வழி பிறந்தது அதன் பிறகுதான். ஆனால் பீகாரில் 1950-ல் போட்ட நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்து ஜமீன்தார்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1951 மார்ச்சில் பாட்னா உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. அன்று சொத்துரிமை அடிப்படை உரிமையாக இருந்தது. ஆனால் சமத்துவ உரிமையைப் பிடித்துக்கொண்டுதான் ஜமீன்தார் ஜெயித்தார்.

நாடாளுமன்றம் சும்மா இருக்கவில்லை. 1951 ஜூனில் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் கொண்டுவந்து, நிலச் சீர்திருத்தச் சட்டங்களைப் பாதுகாக்க 9-வது அட்டவணை என்ற ஒன்றைச் சேர்த்தது. அந்தத் திருத்தம் செல்லும் என்று அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அங்கே கோர்ட்டின் கையை நாடாளுமன்றம் பிடித்து நிறுத்தியது. அதனால் பலன் பெற்றது உழுதவன்.

சரி, அப்படியானால் நாடாளுமன்றம் எதை வேண்டுமானாலும் திருத்தலாமா? பெரும்பான்மை இருந்தால் தேர்தலே வேண்டாம் என்று கூடத் திருத்திவிடலாமா? இந்தக் கேள்விக்குப் பதில் வந்ததும் ஒரு நில வழக்கில்தான். கேரள அரசின் நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்து, காசர்கோடு பக்கம் எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி உச்ச நீதிமன்றம் போனார். 13 நீதிபதிகள் உட்கார்ந்து விசாரித்தார்கள். 1973 ஏப்ரல் 24 அன்று 7 பேர் ஒரு பக்கம், 6 பேர் ஒரு பக்கமாகத் தீர்ப்பு வந்தது. அந்த மடாதிபதி கேட்ட நிலப் பாதுகாப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நாட்டுக்கு ஒன்று கிடைத்தது: நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை உடைக்கக் கூடாது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம், கதவை மாற்றலாம், அஸ்திவாரத்தைத் தோண்டக் கூடாது!

கரை உடைந்த காலம்

இரண்டே வருடத்தில் பெரிய வெள்ளம் வந்தது. 1975 ஜூன் 12 அன்று பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. ஒரு லட்சம் பேருக்கு மேல் விசாரணையில்லாமல் அடைக்கப்பட்டார்கள்.

காரணம் சொல்லாமல் பிடித்து வைத்திருக்கிறார்களே, கோர்ட்டு கேட்கக் கூடாதா என்று வழக்குப் போட்டார்கள். 9 உயர் நீதிமன்றங்கள் கேட்கலாம் என்றன. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் கேட்க முடியாது என்றது. 5 நீதிபதிகளில் 4 பேர் அப்படிச் சொன்னார்கள். நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டு எழுதினார். அடுத்து தலைமை நீதிபதியாக வரவேண்டியவர் அவர். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி இளையவரை நியமித்தார்கள். அவர் பதவியை விட்டு விலகினார்.

கரையைக் காக்க வேண்டிய ஆட்களே கைகட்டி நின்ற காலம் அது. பிறகு யார் அடைத்தார்கள் அந்த உடைப்பை? 1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஆட்சியை மாற்றினார்கள். புது நாடாளுமன்றம் 1978-ல் 44-வது திருத்தம் கொண்டுவந்தது. வெறும் உள்நாட்டுக் குழப்பம் என்று சொல்லி நெருக்கடி நிலை அறிவிக்க முடியாது, உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான உரிமையை நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது என்று கரையை உயர்த்திக் கட்டியது. 1976 தீர்ப்பு தப்பு என்று உச்ச நீதிமன்றமே 2017-ல் சொன்னது. 41 வருடம் ஆயிற்று.

அதே 44-வது திருத்தம் இன்னொன்றையும் செய்தது. சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து எடுத்து, 300-ஏ என்ற தனிப் பிரிவாக வைத்தது. அதன் பொருள் இதுதான்: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது. இன்று நம் ஒவ்வொரு குழி நிலத்துக்கும் காவல் இந்த ஒரு பிரிவு. "300-ஏ" என்று நம்ம பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

அவசரச் சட்டம் என்னும் குறுக்கு வழி

சட்டம் போடுவது நாடாளுமன்றம் என்றோம். நாடாளுமன்றம் கூடாத நேரத்தில் அவசரம் வந்தால்? அதற்காக 123-வது பிரிவில் அவசரச் சட்டத்துக்கு இடம் வைத்தார்கள். மாநிலத்தில் ஆளுநர் மூலம் செய்ய 213-வது பிரிவு. சபை மறுபடி கூடி 6 வாரத்துக்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் அது காலாவதி.

குறுக்கு வழி என்று ஒன்று இருந்தால் அதில்தான் எல்லோரும் நடப்பார்கள், இல்லையா? புனேயில் கோகலே நிறுவனத்தில் டி.சி. வாத்வா என்று ஒரு பொருளாதாரப் பேராசிரியர். பீகாரின் நிலச் சட்டங்களை ஆராயப் போனவர் ஓர் அதிசயத்தைப் பார்த்தார். 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்களைச் சட்டமன்றத்தில் வைக்காமலேயே திரும்பத் திரும்பப் பிறப்பித்து உயிரோடு வைத்திருந்தார்கள். சிலது 14 வருடம் வரை! அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1986 டிசம்பரில் 5 நீதிபதிகள், இது அரசியல் சட்டத்தின் மேல் செய்யப்பட்ட மோசடி என்றார்கள். கட்சியும் பணமும் இல்லாத ஓர் ஆசிரியர், கணக்கெடுத்து வைத்த தாள்களை வைத்து ஓர் அரசாங்கத்தைக் கேள்வி கேட்டார்.

இது நமக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? 2013-ல் புதிய நில எடுப்புச் சட்டம் வந்தது. வெள்ளைக்காரன் போட்ட 1894-ம் வருடச் சட்டம் போய், 2014 ஜனவரி 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. தனியார் கம்பெனிக்கு என்றால் நில உரிமையாளர்களில் 80 சதவீதம் பேர் சம்மதம் வேண்டும். அரசும் தனியாரும் சேர்ந்த திட்டம் என்றால் நில உரிமையாளர்களில் 70 சதவீதம். சமூகத் தாக்க மதிப்பீடு வேண்டும். கிராமப்புறத்தில் சந்தை மதிப்பை 1 முதல் 2 மடங்கு வரை பெருக்கி, அதன்மேல் 100 சதவீதம் ஆறுதல் தொகை. பட்டாதாரர் மட்டுமில்லை, அந்த நிலத்தை நம்பி 3 வருடமாகப் பிழைத்த குத்தகைக்காரரும் விவசாயக் கூலியும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான்.

ஒரே வருடத்தில், 2014 டிசம்பர் 31 அன்று, மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டது. தொழில் வழித்தடம் உள்பட 5 வகைத் திட்டங்களுக்குச் சம்மதமும் வேண்டாம், தாக்க மதிப்பீடும் வேண்டாம் என்பது அதன் சாரம். மக்களவையில் மசோதா நிறைவேறியது. மாநிலங்களவையில் ஆளும் அணிக்குப் பெரும்பான்மை இல்லை. நாடு முழுக்க விவசாயிகள் தெருவில் நின்றார்கள். அவசரச் சட்டத்தை மறுபடி போட வேண்டும் என்பதற்காகவே 2015 மார்ச்சில் மாநிலங்களவைக் கூட்டத்தொடரை முடித்துவைத்து, ஏப்ரலில் ஒரு தடவை, மே மாதத்தில் ஒரு தடவை போட்டார்கள். கடைசியில் 2015 ஆகஸ்ட் 31 அன்று அது காலாவதியாகப் போனது. 80 சதவீதம், 70 சதவீதம் சம்மதம் அப்படியே சட்டத்தில் நின்றது. இரண்டு சபை ஏன் வேண்டும், தண்டச் செலவு என்பவர்களுக்கு இதுதான் பதில்.

2020-ல் மறுபடி பார்த்தோம். கொரோனா காலத்தில், ஜூன் 5 அன்று 3 வேளாண் அவசரச் சட்டங்கள். விவசாயமும் சந்தையும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. உணவுப் பொருள் வாணிபம் பொதுப் பட்டியலில் இருக்கிறது என்று அதைப் பிடித்துக்கொண்டு டெல்லியிலேயே சட்டம் போட்டார்கள். செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் உறுப்பினர்கள் எழுந்து, ஓட்டை எண்ணுங்கள் என்று கேட்டும் எண்ணாமல் அவற்றில் இரண்டைக் குரல் ஓட்டில் நிறைவேற்றினார்கள். சபை தன் வேலையைச் செய்யவில்லை. நவம்பர் 26 அன்று பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் டெல்லி எல்லைக்கு வந்தார்கள். 2021 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் சட்டங்களை நிறுத்தி வைத்தது. விவசாயிகள் எழுந்து போகவில்லை. நிறுத்தி வைப்பது ரத்து ஆகாது என்று உட்கார்ந்தார்கள். 2021 நவம்பர் 29 அன்று எந்த நாடாளுமன்றம் போட்டதோ அதே நாடாளுமன்றம் ரத்து செய்தது.

நம்ம மாநிலத்தில் நடந்தது

இப்போது நம்ம நோட்டீஸுக்கு வருவோம். நோட்டீஸின் தலைப்பைப் படியுங்கள். 2013-ம் வருடச் சட்டம் என்று இருக்காது. தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம், 1997 என்று இருக்கும். ஏன்?

2013 சட்டம் வந்ததும் தமிழ்நாடு சட்டமன்றம் அதில் 105-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, 3 மாநிலச் சட்டங்களுக்கு விலக்கு வாங்கியது. ஒன்று இந்த 1997 தொழில் சட்டம். ஒன்று 2001-ம் வருட நெடுஞ்சாலைச் சட்டம். இன்னொன்று 1978-ம் வருட ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டம். நில எடுப்பு பொதுப் பட்டியலில் உள்ளது. மத்தியச் சட்டத்துக்கு மாறாக மாநிலம் சட்டம் போடலாம். ஆனால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் வாங்கினார்கள்.

பாதிக்கப்பட்ட விவசாயிகள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2019 ஜூலை 3 அன்று ஜெயித்தார்கள். மத்தியச் சட்டம் வந்தபோதே செத்துப்போன மாநிலச் சட்டங்களை, வெறுமனே ஒரு பிரிவைச் சேர்த்து எழுப்ப முடியாது என்றது நீதிமன்றம். அதே மாதத்தில் சட்டமன்றம் கூடி, அந்தச் சட்டங்களுக்கு உயிர் கொடுக்கப் புதிதாக ஒரு சட்டம் போட்டது. மறுபடியும் குடியரசுத் தலைவர் ஒப்புதல். 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஒரு குறையை நீதிமன்றம் காட்டினால் அதைச் சரிசெய்து புதுச் சட்டம் போடச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பது அதன் நியாயம்.

இழப்பீடு மட்டும் 2013 சட்டத்தின் கணக்குப்படி வரும். சம்மதமும் தாக்க மதிப்பீடும் போச்சு. இது நமக்கு வலிக்கிற உண்மை. மறைத்துப் பேசி உங்களைக் கூட்டம் சேர்க்க நாங்கள் விரும்பவில்லை. ஆனால் இதிலேயே ஒரு பாடம் இருக்கிறது. நாம் கோர்ட்டில் ஜெயித்த அன்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டோம். சட்டமன்றத்தில் கை தூக்கியவர்கள் நம்ம ஓட்டு வாங்கிப் போனவர்கள். அவர்கள் வீட்டு வாசலில் அந்த ஜூலையில் நாம் நிற்கவில்லை. ஒரு மதகை மட்டும் காவல் காத்தால் தண்ணி அடுத்த மதகில் போய்விடும்.

சென்னை-சேலம் 8 வழிச் சாலையிலும் இதைப் பார்த்தோம். 277 கிலோமீட்டர் சாலை. 2019 ஏப்ரல் 8 அன்று உயர் நீதிமன்றம் அறிவிப்புகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அறிவிப்பு செல்லும் என்றது. ஆனால் நிலம் இன்னும் அரசிடம் சேராத நிலையில், அவசரப்பட்டு வருவாய்க் கணக்கில் பெயர் மாற்றியது செல்லாது, பழையபடி விவசாயி பெயருக்கே மாற்று என்றும் உத்தரவு போட்டது. அதனால் பட்டாவையும் சிட்டாவையும் அடிக்கடி எடுத்துப் பாருங்கள். நமக்குத் தெரியாமல் பெயர் மாறியிருந்தால் அன்றைக்கே மனுக் கொடுங்கள்.

இன்னும் நம் கையில் இருப்பது

சம்மதம் போனாலும் 300-ஏ போகவில்லை. 2024 மே 16 அன்று, கொல்கத்தா மாநகராட்சி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று ஏழு உரிமைகளாகப் பிரித்துச் சொன்னது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. எடுக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும்.
2. ஆட்சேபணையைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.
3. முடிவைக் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும்.
4. பொதுக் காரியத்துக்குத்தான் எடுக்கிறோம் என்று காட்ட வேண்டும்.
5. நியாயமான இழப்பீடு தர வேண்டும்.
6. இழுத்தடிக்காமல், காலக்கெடுப்படி முறையாக நடத்த வேண்டும்.
7. தொடங்கியதை முறைப்படி முடித்து வைக்க வேண்டும்.

இதில் ஒன்று விட்டுப்போனாலும் நாம் கேட்கலாம். இழப்பீடு கொடுத்துவிட்டோமே என்று சொல்லி மற்றதைத் தட்டிக் கழிக்க முடியாது.

ஹிமாசலப் பிரதேசத்தில் ஹமீர்பூர் மாவட்டத்தில் ஒரு தாய். எழுத்துத் தெரியாதவர், கணவரை இழந்தவர். 1967-68-ல் ரோடு போட அவர் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். நோட்டீஸ் இல்லை, இழப்பீடு இல்லை. பக்கத்துக்காரர்கள் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தது தெரிந்து 2010-ல் இவரும் வழக்குப் போட்டார். அரசு என்ன சொன்னது தெரியுமா? 42 வருடமாக எங்கள் அனுபவத்தில் இருக்கிறது, அதனால் எங்களுக்கே சொந்தம் என்றது! 2020 ஜனவரியில், அவருக்கு 80 வயதானபோது, உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குடிமகள் நிலத்தில் உட்கார்ந்துகொண்டு அனுபவ பாத்தியதை பேச ஓர் அரசுக்கு உரிமையில்லை, இழப்பீட்டைக் கொடு என்றது. நீதி கிடைத்தது. ஆனால் அரை நூற்றாண்டு போனது. தொடக்கத்திலேயே கூட நாலு பேர் நின்றிருந்தால் அந்தத் தாய் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம்.

கிராம சபையையும் லேசாக நினைக்காதீர்கள். ஒடிசாவில் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டும் திட்டத்தைக் கிராம சபையிடம் கேள் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 கிராம சபைகள் கூடின. 12-ம் வேண்டாம் என்றன. அது பழங்குடி மக்களின் வன உரிமைச் சட்டப்படி கிடைத்த அதிகாரம். அதே பலம் நம்ம தீர்மானத்துக்குச் சட்டப்படி இல்லை. ஆனாலும் ஊரே கூடி எழுதி வைத்த தீர்மானம், நாளைக்கு நீதிபதி முன்னால் போகும்போது சாட்சியாகப் பேசும்.

இப்போது செய்ய வேண்டியது

அரசியல் சட்டம் கதவு வைத்திருக்கிறது. கதவைத் தட்டுவது நம்ம வேலை. தட்டாத கதவு திறக்காது, கெடு தாண்டினால் தட்டியும் பிரயோசனம் இல்லை.

ஒவ்வொரு பட்டாதாரரும் தனித்தனியாக ஆட்சேபணை மனு எழுத வேண்டும். நோட்டீஸில் எத்தனை நாள் கெடு போட்டிருக்கிறதோ அதற்குள் கொடுக்க வேண்டும். பக்கத்து ஊரில் 60 நாள் கொடுத்தார்களே என்று இருந்துவிடாதீர்கள். 2013 சட்டத்தில் 60 நாள், தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 21 நாள். சட்டத்துக்குச் சட்டம் கெடு வேறு. கிணறு, போர், மரம், வீடு, எத்தனை போகம், எத்தனை பேருக்கு வேலை என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். பக்கத்தில் தரிசாகக் கிடக்கும் நிலம் இருந்தால் அதன் சர்வே நம்பரையும் எழுதுங்கள். நேரில் கொடுத்தால் ஒப்புகை வாங்குங்கள், இல்லாவிட்டால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நகல் இல்லாத மனு, கரைத்துக் குடித்த மோர் மாதிரி.

வெற்றுத் தாளிலோ, படித்துக் காட்டாத தாளிலோ கையெழுத்தும் கைநாட்டும் வேண்டாம்.

2005-ம் வருடத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டி, திட்ட அறிக்கை, வரைபடம், இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கோப்பு மூன்றையும் கேட்போம். 30 நாளில் பதில் தர வேண்டும். சங்கம் மனு எழுதித் தரும்.

வக்கீல் வைக்கக் காசில்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்புப்படி உண்டு.

அடுத்து வரும் கிராம சபையில் பெண்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும். தீர்மானத்தை மினிட் புத்தகத்தில் ஏற்றிய பிறகுதான் எழுந்து வர வேண்டும். சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் எழுத்தில் பதில் கேட்போம். வாய்ப்பேச்சு வேண்டாம்.

நம் கோரிக்கைகள்

விசாரணையைத் தாலுகா ஆபீஸில் வைக்காமல் அந்தந்த ஊரிலேயே நடத்து!
ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் தமிழில், காரணத்தோடு, எழுத்தில் பதில் கொடு!
முழு வரைபடத்தையும் சர்வே நம்பர் பட்டியலையும் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டு!
குத்தகைக்காரர், விவசாயக் கூலி குடும்பங்களையும் கணக்கில் சேர்!
சட்டப்படியான நடவடிக்கை முடியும் வரை எந்த வயலிலும் கல் நடாதே!

இவற்றில் ஒன்று கூடச் சலுகை கிடையாது. அரசு தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டத்தை மதித்து நட என்றுதான் கேட்கிறோம். அதைக் கேட்க உரிமை கொடுத்ததும் அதே அரசியல் சட்டம்தான். ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடவும் பேசவும் 19-வது பிரிவு நமக்கு உரிமை தருகிறது. அதனால் கூட்டத்தில் யாரும் கல்லெடுக்கக் கூடாது, அதிகாரிகளைத் தரக்குறைவாகப் பேசக் கூடாது. நம்ம கையில் மனு இருக்கட்டும், ஒப்புகை இருக்கட்டும், பக்கத்து ஊர்க்காரன் கை இருக்கட்டும்.

வருகிற திங்கள்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாளில், எல்லா ஊர்களிலிருந்தும் மனுவோடு கலெக்டர் அலுவலகத்துக்குத் திரண்டு வாருங்கள். மழைக்காலத்தில் கரை உடைந்தால் ஊருக்கு ஓர் ஆள் என்று மண்வெட்டியோடு ஓடுவோமே, அப்படி வீட்டுக்கு ஓர் ஆள் வாருங்கள்.

உழுத நிலம் காப்போம்!
உரிமைக் கரை காப்போம்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இவண்,
விவசாயிகள் சங்கம்